காதால் படிப்பது: ஒலிநூல் கேட்பவர்களும் கேட்காதவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையில் தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை மின்சார ரயிலில் நின்றபடி காதில் ஒரு நாவல். ராத்திரி படுக்கப்போகும் முன் கையில் ஒரு அச்சுப் புத்தகம். சில வருடங்களாக என் படிப்பு இப்படித்தான் போகிறது. இடையில் பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துகொடுக்கவும் ஆரம்பித்தேன். இதெல்லாம் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒலிநூல் கேட்டுவிட்டு "அந்தப் புத்தகத்தைப் படித்தேன்" என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். இந்தக் கேள்வி வந்தாலே யாராவது செவிச்செல்வம் குறளை எடுத்து நீட்டுவார்கள். நான் அதே அதிகாரத்தில் இன்னும் மூன்று குறள் தள்ளி, 414-ஐ எடுப்பேன். படிக்காதவனாக இருந்தாலும் கேட்கட்டும், தளர்ந்த நேரத்தில் அது ஊன்றுகோலாக உதவும் என்கிறது அது. எழுத்தறிவு சிலருக்கே வாய்த்த காலத்தில் சொன்னது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அதன் கனம் தெரியும்.

நம் பக்கத்தில் "படிப்பு" என்ற சொல்லே ரொம்ப காலம் கூட்டமாக உட்கார்ந்து கேட்பதையும் சேர்த்துத்தான் குறித்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு என்றால் ஒருவர் பாட்டை ராகத்தோடு வாசிப்பார், இன்னொருவர் பயன், அதாவது பொருள், சொல்வார், ஊர் உட்கார்ந்து கேட்கும். வட தமிழ்நாட்டில் திரௌபதியம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில் பகலில் பாரதம் படிப்பதும் இரவில் கூத்து நடப்பதும் வழக்கம். அங்கே மணலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய் "நீங்கள் பாரதம் படிக்கவில்லை, கேட்டீர்கள்" என்று திருத்தம் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. நல்லதங்காள் கதை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை தெரியும். பெரிய எழுத்துப் புத்தகத்தை வைத்துத் திண்ணையில் யாரோ வாசிக்க, நெல் புடைத்துக்கொண்டே கேட்டது. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடும் இடம் வந்தால் முறம் நின்றுவிடும் என்பார்.

ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறேன். முந்நூறு பக்கப் புத்தகத்தைப் பதினைந்து நிமிடத்தில் சுருக்கிச் சொல்லும் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுப் படித்தேன் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அது சாப்பாட்டுக் கடை வாசலில் மெனு பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற கணக்கு.

இது எப்போது தொடங்கியது? செல்போன் வந்த பிறகா?

அதற்கு ரொம்ப முன்பே. எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்துவிட்டு, அடுத்த ஆண்டே அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பட்டியல் போட்டார். பாட்டுக் கேட்பதைவிட முன்னாலேயே, பார்வையற்றவர்களுக்குத் தானே பேசும் புத்தகம் என்பது அதில் வந்துவிடுகிறது. அது நடைமுறைக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அமெரிக்காவில் 1934-இல் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்கள் இசைத்தட்டில் வந்தன. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் வந்தன. முதல் உலகப் போரில் கண் இழந்து திரும்பிய சிப்பாய்கள் அங்கே ஏராளம். நடுவயதில் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தைக் கற்றுக்கொள்வது அவர்களில் பலருக்குக் கைகூடவில்லை.

அமெரிக்கத் தட்டில் ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஓடும். பத்து மணி நேர நாவல் என்றால் நாற்பது பக்கம், அதாவது இருபது தட்டு. தபாலில் பெட்டியாக வந்து, பெட்டியாகவே திரும்பிப் போகும். கதை சூடுபிடிக்கும் நேரத்தில் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப்போட வேண்டும். அப்புறம் கேசட், அப்புறம் சிடி. 1997-இல் ஆடிபிள் நிறுவனம் விற்ற கையடக்கக் கருவியில் இரண்டு மணி நேர ஒலிதான் அடங்கியது. இன்று சட்டைப்பையில் ஒரு நூலகத்தை வைத்துக்கொண்டு "நெட் ஸ்லோ" என்று சலித்துக்கொள்கிறோம்.

அச்சில் கிடைக்காத எந்தச் சுகம் ஒலிநூலில் கிடைக்கிறது?

முதலில் வட்டார வழக்கு. தமிழ் எழுத்து சொல்லைக் காட்டும், ராகத்தைக் காட்டாது. நாகர்கோவில் பக்கத்துக் கதையில் "என்னடே, எங்க போற" என்று அச்சில் இருந்தால், சென்னையில் வளர்ந்த நான் அதை என் ராகத்தில்தான் மனதுக்குள் படித்துக்கொள்கிறேன். அந்த "டே" எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர் ஒருவர் வாசிக்கக் கேட்ட நாளில்தான், பல வருடமாகத் திட்டு என்று நினைத்திருந்த ஒரு வசனம் கொஞ்சல் என்று புரிந்தது. கொங்கு நாட்டு "ஏனுங்க"வும் அப்படித்தான். எழுத்தில் "ஏன்" என்பதைவிட இரண்டே எழுத்துதான் கூடுதலாகத் தெரியும். காதில் விழும்போது பேசுபவரின் வயதும் அவர் எந்த நினைப்பில் பேசுகிறார் என்பதும் கூடவே வந்துவிடும்.

அடுத்தது பழம்பாட்டு. இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. மரபுப் பாட்டை அச்சிடும்போது சீர் பிரித்து அச்சிடுவார்கள், சீர் பிரியும் இடத்தில் சொல் முறியும். மேலே சொன்ன அதே 414-ஆம் குறளின் தொடக்கம் "கற்றில னாயினுங் கேட்க" என்று இருக்கும். "கற்றிலன் ஆயினும்" என்பதுதான் அது. பள்ளிக்கூடத்தில் "னாயினுங்" என்றால் என்ன என்று முழித்தவன் நான். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அந்த முறிவு தானாகக் கூடிவிடும். கண் தடுக்கி விழுகிற இடத்தில் காதுக்குத் தடையே தெரிவதில்லை. அந்தப் பாட்டுகள் கட்டப்பட்டதே காதுக்காகத்தானே.

மூன்றாவது, கை ஓய்வில்லாதவர்களின் சுகம். 1865-இல் கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலைகளில் ஒருவரை மேடையில் உட்காரவைத்துப் பத்திரிகையும் நாவலும் வாசிக்கச் சொல்லும் வழக்கம் தொடங்கியது. வாசிப்பவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி இல்லை, சுருட்டுச் சுற்றியவர்களே தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். இந்தப் பக்கம் கேரளத்தில், கண்ணூரில் 1969-இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் இலை சுருட்டினார்கள். பாத்திரம் துலக்கிக்கொண்டும் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டும் நாவல் கேட்கிறவர்கள் அந்தப் பரம்பரை. எங்கள் வீட்டில் நாலு வருடமாக ஒரு புத்தகத்தையும் முடிக்காமல் இருந்த என் அக்கா, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே போன வருடம் பதினோரு நாவல் முடித்தாள். சமையலறை ஸ்டாண்டில் போனைச் சாத்திவைத்திருப்பாள். குக்கர் விசில் வந்தால் முப்பது வினாடி பின்னுக்கு. அவ்வளவுதான்.

அப்படியானால் அச்சுப் புத்தகம் எதற்கு?

நிறுத்துவதற்கு.

கொஞ்சம் விளக்குகிறேன். அச்சில் நேரம் நம் கையில் இருக்கிறது. ஒலிநூலில் அது வாசிப்பவர் கையில். இரண்டுக்கும் இடையில் நான் பார்த்த பெரிய வித்தியாசம் இதுதான். படிக்கும்போது கண் நேராக ஓடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிஜத்தில் கண்ணின் தாவல்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் பின்னோக்கித்தான் போகிறது. அதாவது நமக்கே தெரியாமல் வரிக்கு வரி திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறோம். ஒரு நல்ல வாக்கியத்தின் முடிவு வந்ததும் அதன் தொடக்கத்துக்கு ஒரு தடவை ஓடிவிட்டு வருகிறது கண். காதுக்கு அந்த வசதி இல்லை. பட்டனைத் தேடி அமுக்கினால் வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போகாமல், பதினைந்து வினாடிக்கு முன்னால் ஏதோ ஒரு சொல்லின் நடுவில் போய் விழுவோம்.

வேறொன்றும் உண்டு. "ஆமா, நீ சொல்லிட்ட" என்று ஒரு பாத்திரம் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் அது ஒப்புக்கொள்வதாகவும் இருக்கலாம், குத்திக்காட்டுவதாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரு நொடி மனதில் தாங்கிக்கொண்டு மேலே படிக்கிறோம். சில எழுத்தாளர்களின் விளையாட்டே அந்த ஒரு நொடிதான். வாசிப்பவர் வாயைத் திறந்தால் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுத்துவிட்டால் மற்றது நமக்கு வந்து சேராது. வட்டார வழக்கில் குரல் கொடுத்த அதே உதவிதான், இங்கே எதையோ எடுத்துக்கொண்டு போகிறது.

அப்புறம் இடத்தின் ஞாபகம். படித்த வரி இடப்பக்கத்தில், கீழே, ஒரு பத்தியின் கடைசியில் இருந்தது என்று வருடம் கழித்தும் நினைவு இருக்கும். ஒலிநூலில் எனக்கு வேறு மாதிரி இடம் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கொலை நடந்தது குரோம்பேட்டை ஸ்டேஷனில், ஒரு கல்யாணம் நடந்தது சைதாப்பேட்டைப் பாலத்தில்.

பழைய புத்தகத்தின் சுகம் ஒலியில் கிடையவே கிடையாது. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையில் வாங்கிய ஒரு நாவலில் 73-ஆம் பக்கத்தில் பல்லவன் பஸ் டிக்கெட் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் மடிப்போ கறையோ இல்லை. யாரோ ஒருவர் அங்கேயே இறங்கிவிட்டார். நான் 74-ஐப் புரட்டும்போது கொஞ்சம் தயங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கேட்டது மனதில் நிற்குமா?

புத்தகத்தைப் பொறுத்து. 2016-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஒரே நூலின் பகுதிகளைச் சிலருக்குக் கேட்கவும் சிலருக்கு மின்வாசிப்பானில் படிக்கவும் சிலருக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்யவும் கொடுத்தார்கள். உடனேயும் இரண்டு வாரம் கழித்தும் சோதித்ததில் புரிதலில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் 2010-இல் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் போன்ற கட்டுரையைக் கொடுத்தபோது, கேட்டவர்கள் படித்தவர்களைவிடக் குறைவாகவே மதிப்பெண் எடுத்தார்கள். கதை போல ஓடுவதைக் கேட்கலாம், பாடத்தைப் படிப்பது நல்லது என்பது என் அனுபவமும்கூட.

2019-இல் மூளை ஸ்கேன் வைத்துச் செய்த ஒரு ஆய்வும் பேசப்பட்டது. ஒன்பது பேருக்கு ஒரே கதைகளைக் கேட்கவும் படிக்கவும் கொடுத்துப் பார்த்ததில், பொருள் உணரும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே வேலை செய்தன. "கேட்டாலும் படித்தாலும் மூளைக்கு ஒன்றுதான்" என்று இதை வைத்துத் தலைப்புப் போட்டார்கள். ஆனால் அந்தச் சோதனையில் "படிப்பது" என்பது, கதையின் சொற்களைப் பேச்சின் வேகத்திலேயே ஒவ்வொன்றாகத் திரையில் காட்டியது. திரும்பிப் பார்க்க முடியாது, நிறுத்த முடியாது. அப்படிப் படிப்பது கேட்பதைப் போலத்தானே இருக்கும்? ஆய்வில் குறையில்லை, தலைப்பில்தான்.

கேட்டால் தூக்கம் வருகிறதே?

எனக்கும்தான். படுத்துக்கொண்டு கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்லீப் டைமரைப் பதினைந்து நிமிடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் எழும்போது கதாநாயகன் கிழவனாகியிருப்பான்.

1.5 ஸ்பீடில் கேட்கலாமா?

ஆங்கில ஒலிநூல்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 150, 160 சொல் என்ற வேகத்தில் வாசிக்கப்படுகின்றன. மௌனமாகப் படிப்பவர்கள் சராசரியாக 240 சொல்லை நெருங்குவார்கள். அதனால் கேட்பவருக்குக் கொஞ்சம் பொறுமை போவது இயல்பு. தமிழில் இந்தச் சொல் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரு சொல்.

கட்டுரை, வரலாறு, பேட்டி எல்லாம் 1.25-இல் கேட்பேன். நாவலுக்குக் கைவைக்க மாட்டேன். வாசிப்பவர் ஒரு இடத்தில் நிறுத்துகிறார் என்றால் அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம். அழுகைக் காட்சியை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், குழந்தைகள் படத்து எலி பேசுவது போல இருக்கும்.

ஆனால் நான் வாசித்துக்கொடுக்கும் மாணவர்களில் சிலர் கம்ப்யூட்டர் குரலை எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் கேட்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் மௌன வாசிப்பு. நம் கண் ஓடுகிற ஓட்டத்தை அவர்கள் காது ஓடுகிறது.

ஒரே குரல் நல்லதா, நாடகம் போலப் பல குரலா?

நான் ஒரே குரல் கட்சி. வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பல குரல் பிடிக்கும், அது நியாயம்தான். நாடகத்துக்கென்றே எழுதியது அப்படி இருப்பதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் நாவலில் "என்றான்", "என்றாள்" எல்லாம் எழுத்தாளர் வைத்தது. பல குரல் போட்டுவிட்டு அதையும் வாசித்தால் இரட்டிப்பு, வாசிக்காவிட்டால் எழுத்தில் கைவைத்த மாதிரி. அதற்கு மேல் குதிரைக் குளம்பொலி, மழைச் சத்தம், சோகக் காட்சிக்கு வயலின். ஒரு கதையில் நாயகி கதவைத் திறக்கும் முன்பே கீல் கிறீச்சிட்டது. யாரோ வரப்போகிறார்கள் என்று எழுத்தாளர் அடுத்த பத்தி வரை ஒளித்துவைத்திருந்த சேதி அதில் போனது.

கம்ப்யூட்டர் குரல் தமிழ் வாசிப்பது எப்படி இருக்கிறது?

நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டு வருகிறது. ஆனால் தமிழ் அதற்கு ஒரு பொறி வைத்திருக்கிறது. க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் இடத்துக்குத் தக்கபடி வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் ஒலிக்கும். சொல்லின் முதலில் வந்தால் வல்லொலி என்ற விதி தமிழ்ச் சொல்லுக்குச் சரி, வந்தேறிய சொல்லுக்குப் பொருந்தாது.

"அவள் முகத்தில் பாவம் இல்லை" என்று ஒரு வரி. நாட்டியம் பற்றிய கட்டுரையில் வந்தால் அது முகபாவனை. கொலை வழக்குக் கதையில் வந்தால் குற்றம். எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு. "பந்தம்" என்றால் உறவா, தீப்பந்தமா? மனிதர் முந்தைய வரியைப் பார்த்து யோசிக்காமலே முடிவெடுத்துவிடுவார். இயந்திரம் சில சமயம் சரியாக எடுக்கிறது, சில சமயம் பரதநாட்டியக் கலைஞரைக் குற்றமற்றவர் ஆக்குகிறது. நான் சோதித்துப் பார்த்த ஒரு செயலி "கி.மீ."யைப் புள்ளி வைத்த இடத்தில் நிறுத்தி நிறுத்தி வாசித்தது. ஊர் வருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

பத்திரிகைச் செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் போதும். நாவலுக்கு இன்னும் மனிதர்தான் என்பது இன்றைய தேதிக்கு என் அபிப்பிராயம்.

எந்த மாதிரிப் புத்தகம் காதுக்கு நல்லது?

வாரப் பத்திரிகையில் தொடராக வந்த பெரிய நாவல்கள். அவை ஏற்கெனவே காதுக்கு வந்தவை. விகடனும் கல்கியும் வீட்டுக்கு வந்த நாளில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட குடும்பங்கள் எத்தனையோ. அத்தியாயத்தின் கடைசி வரியில் யாரோ கதவைத் தட்டுவார்கள், அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும். ரயிலில் இறங்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும் அந்த அளவு. தன்வரலாறும் பயணக் கட்டுரையும் நன்றாக வரும், எழுதியவரே வாசித்தால் இன்னும் நன்று.

புதுக்கவிதை வேண்டாம் என்பேன். மரபுப் பாட்டுக்கு நேர் எதிர் அது. வரி எங்கே உடைகிறது என்பதில்தான் பாதிக் கவிதை இருக்கிறது, உடைந்த இடம் காதுக்குத் தெரியாது. அடிக்குறிப்பு நிறைந்த ஆராய்ச்சி நூல், வரைபடம், சமையல் குறிப்பு இவையும் அச்சில்தான்.

குழந்தைகளுக்குப் பழக்கலாமா?

பழக்கலாம். ஏழு வயதுக் குழந்தையால் படிக்க முடிகிற கதையைவிடக் கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிற கதை பெரியது. எழுத்துக்கூட்டும் சிரமத்தில் கதை தொலைந்துபோகாமல் இருக்கும். டொரண்டோவிலோ லண்டனிலோ பிறந்த பிள்ளைகளுக்கு ஒலிநூல் இன்னும் ஒருபடி மேலே உதவும். வீட்டுப் பேச்சு புரிகிறது, எழுத்து தெரியாது என்று இருப்பவர்கள் பலர். ஒரு எச்சரிக்கை: அவர்களுக்குத் தெரிந்தது பேச்சுத்தமிழ். "சென்றான், கண்டான்" என்று தொடங்கினால் வேறு மொழி போலத் தோன்றும். பேச்சு நடையில் உள்ள கதையில் தொடங்குங்கள். "போனான்" பழகிய பிறகு "சென்றான்" தானாக வரும்.

பார்வையற்றவர்களுக்குத் தமிழில் எவ்வளவு கிடைக்கிறது?

முன்பைவிடப் பரவாயில்லை, போதவில்லை. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2012-இல் திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகளுக்காக லாப நோக்கமில்லாமல் ஒரு புத்தகத்தை ஒலியாகவோ பிரெயிலாகவோ மாற்றலாம். நாடுகளுக்கிடையே அப்படிப்பட்ட நூல்களைப் பகிர்ந்துகொள்ள 2013-இல் மராகேஷ் ஒப்பந்தம் வந்தது. 2014-இல் அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் தொடங்கியது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு தரைத்தளத்திலேயே இருக்கிறது.

சட்டம் இருந்தாலும் வாசிக்க ஆள் வேண்டும். பாடப்புத்தகம் வாசிப்பது நாவல் வாசிப்பது போல இல்லை. அட்டவணை வந்தால் எந்த வரிசை, எந்தக் கட்டம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். படம் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும், என்ன நினைக்கிறோம் என்று சொல்லக் கூடாது. நான் ஆரம்பத்தில் ரொம்பச் சுத்தமாக எடிட் செய்வேன். மூச்சு இழுக்கும் சத்தத்தையெல்லாம் வெட்டிவிடுவேன். மூன்றாவது பாடம் கொடுத்தபோது ஒரு மாணவர் சொன்னார்: "அண்ணா, மூச்சை வெட்டிடாதீங்க. நீங்க பெருசா மூச்சு இழுத்தாதான் அடுத்த பத்தி வருதுன்னு எனக்குத் தெரியும்." அச்சில் பத்திக்கு முன்னால் விடுகிற வெள்ளை இடம் அவருக்கு என் மூச்சாக இருந்திருக்கிறது. அதிலிருந்து வெட்டுவதில்லை.

நானே ஒரு புத்தகத்தை வாசித்து வெளியிடலாமா?

எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடிந்திருந்தால் அல்லது அவர் எழுத்து நாட்டுடைமை ஆகியிருந்தால் பொதுவாகத் தடையில்லை. பாரதியார் பாடல்களின் உரிமையைச் சென்னை அரசு 1949-இலேயே பெற்றுவிட்டது. புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தவர். ஆனால் இப்போதைய பதிப்பாளர் சேர்த்த முன்னுரையையும் குறிப்புகளையும் வாசிக்காதீர்கள், அவற்றுக்குத் தனி உரிமை. மற்றவர் குரலில் இருக்கும் பதிவை எடுத்துப் போடுவதும் கூடாது. மூலம் பொதுச்சொத்தாக இருந்தாலும் பதிவு அவருடையது. பொதுச்சொத்து நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துச் சேர்க்கும் லிப்ரிவாக்ஸ் 2005-இலிருந்து நடக்கிறது. அங்கே தமிழ்க் குரல்கள் இன்னும் நிறைய வேண்டும்.

ஸ்டூடியோ தேவையில்லை. ஃபேனை நிறுத்துங்கள், புடவைகள் தொங்கும் பீரோவைத் திறந்துவைத்து அதன் எதிரே உட்காருங்கள், எதிரொலி போய்விடும். வியர்க்கும், வேறு வழியில்லை. காக்கையும் காய்கறி வண்டியும் ஓய்ந்த ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்குத் தோது. ஒரு மணி நேரப் பதிவுக்குத் திருத்தம், மறுகேட்பு எல்லாம் சேர்த்து ஐந்தாறு மணி நேரம் போகும். பேச்சுக்கு மோனோவில், அதாவது ஒரே ஒலித்தடத்தில், 64 கேபிபிஎஸ் தரம் போதும். மணிக்கு 29 எம்பிக்குள் அடங்கும், சின்ன போனில்கூட ஏறும்.

ஒரே புத்தகத்தை ரயிலில் கேட்டு, வீட்டில் அச்சில் தொடர முடியுமா?

நான் செய்கிறேன். சிக்கல், விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். செயலி "அத்தியாயம் 14, 12 நிமிடம்" என்று காட்டும், புத்தகத்தில் நிமிடம் கிடையாது. சாதாரண அளவுத் தமிழ் நாவலில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் என்பது என் கணக்கு. 12 நிமிடம் என்றால் அத்தியாயத் தொடக்கத்திலிருந்து ஆறு பக்கம் தள்ளி, முன்னும் பின்னும் ஒரு பக்கம் துழாவினால் கிடைத்துவிடும். அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்திக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் எழும்பூர் அதற்காகக் காத்திருக்காது.

போன மாதம் இப்படித் துழாவும்போது, ரயிலில் கேட்ட ஒரு வரி பக்கத்தில் வேறு மாதிரி இருந்தது. காதில் "அவன் வீட்டுக்குத் திரும்பினான்." அச்சில் "அவன் ஊருக்குத் திரும்பினான்." வாசித்தவர் தவறினாரா, அவர் கையில் இருந்தது வேறு பதிப்பா என்று தெரியவில்லை. நூலகத்தில் பழைய பதிப்பு இருக்கிறதா என்று இந்தச் சனிக்கிழமை பார்க்கப் போகிறேன்.